செயலாளர் மாறலாம், முகவரி மாறலாமா?

மகாராஷ்டிரத்தில் ஒரு தமிழ் மன்றமோ பஜனை சமாஜமோ ஊர்க்காரர் சங்கமோ பதிவு செய்துகொண்டால் இரண்டு சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டும்: 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டம். நிர்வாகிகள் மாறினால் 90 நாட்களுக்குள் சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் ‘சேஞ்ச் ரிப்போர்ட்’ கொடுத்தாக வேண்டும். புதிய தலைவர் யார், பொருளாளர் யார் என்பது தாளில் ஏறிவிடும். வங்கியில் கையெழுத்தும் மாறிவிடும். ஆனால் எந்த அறிக்கையிலும் ஏறாத சொத்து ஒன்று உண்டு: சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கு. அதன் கடவுச்சொல் பழைய செயலாளரின் நினைவிலும், அதற்கான ஓடிபி அவருடைய கைபேசியிலும் இருக்கும். அவர் ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்குப் போய்விட்டால், சங்கத்தின் கடிதப் போக்குவரத்தும் அவரோடு ரயிலேறிவிடுகிறது.

மும்பை செம்பூரின் திலக் நகரில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுகிறது. மாநில வீட்டுவசதி வாரியமான ‘மாடா’வின் காலனியில் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் உயரமான கட்டடங்கள் எழுகின்றன. பழைய வீட்டைக் காலி செய்யும் நாளுக்கும் புது வீட்டுச் சாவி கைக்கு வரும் நாளுக்கும் இடையில் குடும்பங்கள் வாடகை வீடு தேடித் திசைக்கொன்றாகச் சிதறுகின்றன. சிறிய அமைப்புகள் பலவற்றுக்குத் தனி அலுவலகம் கிடையாது. லெட்டர்ஹெட்டில் அச்சாகியிருப்பது செயலாளரின் வீட்டு முகவரிதான். கட்டடம் விழும்போது சங்கத்தின் முகவரியும் விழுகிறது. வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுக்கும் பழக்கமும் அதோடு முடிகிறது. மறுமேம்பாடு முழு வேகமெடுத்தால் தாராவியின் தமிழ் அமைப்புகள் இதையே பல மடங்கு பெரிதாகச் சந்திக்க நேரும்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறிய அமைப்பு முதலில் சம்பாதிக்க வேண்டியது தனக்கென்று ஒரு நிலையான முகவரி. அடுத்தது, தன் செய்தியைக் கேட்க விரும்புவோரின் பட்டியல். விளம்பரம் மூன்றாவதுதான். நாமோ தலைகீழாகச் செய்கிறோம். ஃபிளெக்ஸுக்கும் விழா மலருக்கும் பணம் ஒதுக்கிவிட்டு, முகவரியை யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் ஒண்டவைக்கிறோம்.

வாட்ஸ்அப் போதாதா?

“இந்தக் காலத்தில் யார் மின்னஞ்சல் பார்க்கிறார்கள்?” என்ற கேள்வி உடனே வரும். உறுப்பினர்களிடம் சட்டென்று ஒரு செய்தி சேர வாட்ஸ்அப்தான் சிறந்த வழி, அதில் சந்தேகமில்லை. ஆனால் குழு ஒன்றில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது. ‘பிராட்காஸ்ட்’ பட்டியலில் 256 பேர்தான். அதிலும் உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் பதிந்துவைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பொதுக்குழு அறிவிப்பு புதைந்துபோவதும் நாம் அறிந்ததே.

அதைவிட முக்கியமானது வெளியுலகம். 2021க்குப் பிறகு வருமான வரித் துறை, வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு பெற்றிருந்த அறக்கட்டளைகள் அனைத்தையும் மறுபதிவு செய்யச் சொன்னது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கான கேள்விகளும் நோட்டீசுகளும் இணையதளக் கணக்கிலும் அதில் பதிந்த மின்னஞ்சலிலும்தான் வருகின்றன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பெற விரும்பும் அமைப்பு ‘சிஎஸ்ஆர்-1’ படிவம் தாக்கல் செய்வது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். செம்பூரைச் சுற்றி ஆர்.சி.எஃப். உர ஆலை, மாகுலில் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், டிராம்பேயில் மின்நிலையம் என்று பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் நிதிப் பிரிவுகளோடு வாட்ஸ்அப்பில் பேச முடியாது. பதில் வராத மின்னஞ்சல், கைவிட்டுப்போன நிதி என்றே பொருள்.

சொந்தப் பெயரில் முகவரி

முதல் வேலை, அமைப்பின் பெயரில் ஒரு டொமைன் வாங்குவது. .இன், .ஆர்க் போன்ற முடிவுகளோடு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். வங்கிகள் அனைத்தும் ‘.பேங்க்.இன்’ என்று முடியும் தளங்களுக்கு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். போலிகள் பெருகிவிட்ட காலத்தில் முகவரியே அடையாள அட்டையாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் உங்கள் மன்றத்தின் பெயரில் ஓர் இலவச ஜிமெயில் கணக்கு திறந்து நன்கொடை கேட்கலாம். உங்கள் டொமைனை உங்களைத் தவிர வேறு யாரும் வாங்க முடியாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை உண்டு. உரிமையாளர் பெயராக அமைப்பின் பதிவுப் பெயரைக் கொடுங்கள். வேலையைச் செய்துதரும் வெப் டிசைனர் பெயரில் விடாதீர்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தலைவலி வேண்டாமென்றால் ஐந்தாண்டுக்கு ஒரேயடியாகக் கட்டிவிடலாம். புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல், அதே டொமைனிலுள்ள முகவரிக்கு வரும்படி வைக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த முகவரியும் செத்துவிடும். எச்சரிக்கை யார் கண்ணிலும் படாது.

அடுத்தது அஞ்சல்பெட்டி. தென்காசியில் தன் கிராமப்புற அலுவலகத்தை அமைத்துப் பெயர்பெற்ற ஸோஹோ, சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறிய அமைப்புக்கு ஐந்து பேர் வரை இலவச அஞ்சல்பெட்டி தரும் திட்டத்தை நடத்திவருகிறது. 2025 அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தம் மின்னஞ்சலை அதற்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தபோது பலர் அந்தப் பெயரை முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்பு என்றால் கூகுளும் தன் அலுவலக மின்னஞ்சல் சேவையைச் சரிபார்ப்புக்குப் பிறகு இலவசமாகத் தருகிறது. ஹவுசிங் சொசைட்டிக்கும் பதிவில்லாத நண்பர் குழுவுக்கும் இது பொருந்தாது.

பெட்டிக்கு ஆளின் பெயரை வைக்காதீர்கள். பதவியின் பெயரை வையுங்கள். ‘செயலாளர்’, ‘பொருளாளர்’, ‘தொடர்பு’ என்று மூன்று போதும். ஆள் மாறும் நாளில் கடவுச்சொல்லையும் ஓடிபி போகும் எண்ணையும் மாற்றினால் வேலை முடிந்தது. பத்தாண்டுக் கடிதங்களும் புதியவர் கண்முன் இருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கும்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, மினிட் புத்தகத்தோடு பொருளாளரிடம் வையுங்கள். நிர்வாக அதிகாரம் இருவரிடம் இருக்கட்டும். பழைய ஜிமெயில் கணக்கை அப்படியே கிடப்பில் போடுவதும் ஆபத்து: இரண்டாண்டு திறக்காத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. அதிலிருக்கும் ரசீதுகளையும் கடிதங்களையும் முதலில் புதுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

வாசலில் நிற்கும் மூன்று கேள்விகள்

“அனுப்பினோம், ஆனால் ஸ்பேமில் விழுந்துவிட்டது” என்பது எல்லா அமைப்புகளின் புகார். இதற்குக் காரணம் பெரும்பாலும் டொமைன் அமைப்பில் சேர்க்காமல் விட்ட மூன்று வரிகள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று பெயர்கள் மிரட்டினாலும் உள்ளே இருப்பது நம் சொசைட்டி வாசலில் வாட்ச்மேன் செய்யும் வேலைதான். எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வர அனுமதி பெற்றவர்களின் பட்டியல். டிகேஐஎம் என்பது கொண்டுவரும் பொட்டலத்தில் நீங்கள் வைத்த முத்திரை. இரண்டும் பொருந்தாமல் ஒருவன் வந்து நின்றால் உள்ளே விடுவதா, ஓரமாக நிறுத்துவதா, திருப்பி அனுப்புவதா என்று நீங்கள் எழுதிவைத்த உத்தரவு டிமார்க்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மின்னஞ்சலுக்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். ஒரே தட்டலில் விலகிக்கொள்ளும் வசதியும் வேண்டும். ‘ஸ்பேம்’ என்று புகாராகும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புவோருக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டும் பெரிய அளவில் அனுப்புவோருக்கு இதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. ஐந்நூறு உறுப்பினர் கொண்ட மன்றத்துக்கு 5,000 என்ற எல்லை எட்டாத தூரம்தான். ஆனாலும் மூன்று வரிகளையும் சேர்த்துவிடுவதே நல்லது. ஸோஹோவோ கூகுளோ அந்த வரிகளை எழுதியே தருகின்றன. டொமைன் வாங்கிய இடத்தில் ஒட்டினால் போதும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அஞ்சல்பெட்டிக்கு ஒன்று, மொத்தமாக அனுப்பும் சேவைக்கு ஒன்று என்று இரண்டு வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு பெயரையும் ஒரே வரிக்குள் எழுத வேண்டும். டிமார்க்கை முதலில் ‘கவனி, தடுக்காதே’ என்ற நிலையில் வைத்துச் சில வாரம் அறிக்கைகளைப் பார்த்துவிட்டுப் பிறகு கடுமையாக்குங்கள்.

ஜிமெயில் முகவரியை வைத்துக்கொண்டே மொத்த அஞ்சல் சேவை வழியாக அனுப்பலாமே என்றால், அந்தக் கதவும் மூடிவிட்டது. தன் சேவையிலிருந்து புறப்படாமல் ஜிமெயில் முகவரியைத் தாங்கி வரும் மடல்களைத் தனியே ஒதுக்கப்போவதாக அதே 2024 விதிகளில் கூகுள் சொல்லிவிட்டது. தனிநபர் ஜிமெயிலிலிருந்து நேரடியாக அனுப்பினாலோ நாளுக்கு 500 பேர் என்பது எல்லை. தாண்டினால் ஒரு நாள் வரை எதையும் அனுப்ப முடியாமல் போகலாம். அது விழாவுக்கு முந்தைய நாளாக இருந்தால் பதற்றத்தைச் சொல்லவே வேண்டாம்.

பட்டியல்தான் மூலதனம்

உலகின் முதல் விளம்பர மின்னஞ்சல் என்று சொல்லப்படுவது 1978 மே மாதத்தில் போனது. டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துயர்க், ஏறத்தாழ 400 பேருக்கு அவர்கள் கேட்காமலே அதை அனுப்பினார். கணினிகள் விற்றன என்றார் அவர், பெற்றவர்களோ கொதித்தார்கள். கேட்காதவருக்கு அனுப்பினால் வரும் விளைவு இன்றும் அதேதான். இன்று அந்தக் கோபம் ‘ஸ்பேம்’ பொத்தானாக விரல்நுனியில் இருக்கிறது.

ஆகவே பட்டியலை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், கேட்டுச் சேருங்கள். விழா வாசலில் ஒரு க்யூஆர் குறியீடு, அதன் பக்கத்தில் பெரியவர்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டில் எழுதப்பட்ட முகவரிகளை அன்றிரவே தட்டச்சு செய்து ஒரு நன்றி மடல் அனுப்பினால், தவறாக எழுதியவை அப்போதே திரும்பிவரும். அவற்றை உடனே நீக்குங்கள். திரும்பிவரும் முகவரிகளுக்கே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் உங்கள் டொமைனின் நற்பெயர் கெடும்.

சட்டமும் இப்போது கதவருகே நிற்கிறது. 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. எதற்காக முகவரியும் எண்ணும் வாங்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். விலக நினைப்பவர் எளிதில் விலக முடிய வேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் உரிமை மக்களுக்கு உண்டு. நமக்கு அது தமிழ். ‘நிகழ்ச்சி அழைப்புக்கு மட்டும்’ என்று வாங்கிய முகவரியைத் தேர்தல் வேட்பாளருக்கோ பில்டருக்கோ கொடுப்பது துரோகம், இனி சட்டமீறலும்கூட. முந்நூறு பேரின் முகவரியை எல்லோரும் பார்க்கும்படி ‘டூ’ கட்டத்தில் கொட்டி அனுப்பும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். பிசிசி கட்டம் அதற்காகத்தான் இருக்கிறது.

மடலை எப்படி எழுதுவது?

நம் அமைப்புகளின் அழைப்பு மடல்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படம். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து, வடிவமைத்து, படமாக்கி இணைத்துவிடுகிறோம். படத்திலுள்ள எழுத்தைத் தேடினால் கிடைக்காது. பார்வையற்றோரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. வெறும் படம் மட்டும் கொண்ட மடலை ஸ்பேம் வடிகட்டிகளும் சந்தேகிக்கும். படம் இருக்கட்டும், அதற்கு மேலே யூனிகோடில் ஐந்து வரி எழுதுங்கள். என்ன நிகழ்ச்சி, என்று, எத்தனை மணிக்கு, எங்கே, யாரைக் கேட்பது?

தலைப்பு வரியில் ‘அன்புடன் அழைக்கிறோம்’ என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘ஞாயிறு மாலை 5: குழந்தைகள் திருக்குறள் போட்டி, திலக் நகர்’ என்று எழுதினால் திறக்காதவருக்கும் செய்தி சேர்ந்துவிடும். கீழே இரண்டு வரி ஆங்கிலமும் வேண்டும். மும்பையில் வளரும் பிள்ளைகள் பலர் தமிழைப் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். பாட்டிக்கு வரும் மடலைத் திறந்துகாட்டப்போவது அந்தப் பேரனோ பேத்தியோதான்.

சனிக்கிழமை மாலை ஒரு நினைவூட்டல் போகட்டும். அதில் மறுநாள் ஹார்பர் லைனில் மெகா பிளாக் உண்டா என்பதையும் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ரயில் ஓடாது என்று தெரியாமல் பன்வேலிலிருந்து கிளம்பியவர், அடுத்த நிகழ்ச்சிக்கு யோசிப்பார்.

கடைசியாக, ஒவ்வொரு மடலின் அடியிலும் ஒரு வரி. 1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கியபோது, பயனர்கள் அனுப்பிய ஒவ்வொரு மடலின் கடைசியிலும் ‘நீங்களும் இலவசக் கணக்கு பெறலாம்’ என்ற பொருளில் ஒரு வரி தானாகச் சேர்ந்தது. பெரிய விளம்பரச் செலவு இல்லாமலே அது காட்டுத்தீயாய்ப் பரவி, 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. உங்கள் பொருளாளர் அனுப்பும் நன்கொடை ரசீதின் அடியிலும் ‘ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு, இலவசம்’ என்ற வரி இருக்கலாமே! காசில்லாத விளம்பரம் அது.

விளம்பரம், எங்கே, எவ்வளவு?

2024 மே 13 அன்று புழுதிக் காற்றில், திலக் நகருக்கு அருகே காட்கோபர் செடா நகரில் பெட்ரோல் பங்க் மீது விளம்பரப் பலகை சரிந்து 17 பேர் இறந்தார்கள். மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40க்கு 40 அடி. அந்தப் பலகையோ ஏறத்தாழ 120க்கு 120. சங்கம் கட்டும் ஃபிளெக்ஸ் அத்தனை பெரிதல்லதான். ஆனால் அனுமதியின்றிக் கம்பத்திலும் சுவரிலும் கட்டுவது 1995ஆம் ஆண்டின் சொத்து உருக்குலைப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உயர் நீதிமன்றமும் திரும்பத் திரும்பக் கண்டித்திருக்கிறது. இரண்டு நாளில் கிழித்தெறியப்படும் துணிக்குச் செலவிடும் பணத்தை வேறெங்கே வைக்கலாம் என்று யோசிப்பது நல்லது.

முதலில் காசில்லாதவை. கூகுள் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சரியான நேரத்தோடும் எண்ணோடும் பதியுங்கள். மும்பைத் தமிழ் நாளிதழ்களுக்கு நிகழ்ச்சிக் குறிப்பை நூறு சொல்லுக்குள், மடலின் உடலிலேயே எழுதி, இரண்டு மூன்று நாள் முன்னதாக அனுப்புங்கள். படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்ய எந்த ஆசிரியர் குழுவுக்கும் நேரமில்லை.

பணம் கட்டும் இணைய விளம்பரத்தில் முதல் கண்ணி இடப்பெயரிலேயே இருக்கிறது. டெல்லியில் ஒரு திலக் நகர் உண்டு, அதற்கு மெட்ரோ நிலையமும் உண்டு. டோம்பிவிலியில் இன்னொன்று. வெறும் பெயரை நம்பாமல் 400089 என்ற பின்கோடைக் கொடுங்கள். அல்லது வரைபடத்தில் அரங்கின் மேல் புள்ளி வைத்துச் சில கிலோமீட்டர் வட்டம் போடுங்கள். கூகுள் விளம்பரத்தில் இயல்பாக இருக்கும் அமைப்பு, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அதில் ‘ஆர்வம் காட்டுபவர்களுக்கும்’ விளம்பரத்தைக் காட்டும். அதை மாற்றி, இருப்பவர்களுக்கு மட்டும் என்று வையுங்கள். ‘தமிழ்’ மொழி என்று வடிகட்டுவதும் மும்பையில் ஏமாற்றும்: நம்மவர் பலரின் கைபேசி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

பதிவுபெற்ற லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு கூகுள் மாதம் 10,000 டாலர் மதிப்பிலான தேடல் விளம்பரத்தை இலவசமாகத் தருகிறது. பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அது கிடையாது. தொகையைக் கேட்டு மயங்க வேண்டாம். யாராவது தேடினால்தான் அந்த விளம்பரம் தோன்றும். தோன்றியவற்றில் ஐந்து சதவீதமாவது சொடுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ‘செம்பூரில் தமிழ் வகுப்பு’ என்று தேடுவோர் மிகச் சிலராகவே இருப்பார்கள். அந்தச் சிலர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள் என்பதும் உண்மை. எந்த விளம்பரமானாலும் அதன் முடிவில் பெயரும் முகவரியும் பதியும் இடம் ஒன்று இருக்கட்டும். பார்த்தவர் பட்டியலில் சேராமல் போனால், அடுத்த நிகழ்ச்சிக்கு அதே ஆளைப் பிடிக்க மறுபடியும் காசு கட்ட வேண்டும்.

யார் செய்வது?

மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் சொந்த அரங்கம் உள்ள பெரிய தமிழ் அமைப்புகள் நினைத்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் இருபது சிறிய சங்கங்களுக்கு டொமைனும் அஞ்சல்பெட்டியும் அமைத்துத் தர முடியும். நிர்வாகக் கையேட்டில் சேர்க்க வேண்டிய ஒரு பக்க ஒப்படைப்புப் படிவத்தையும் அவையே தயாரித்துப் பொதுவில் வைக்கலாம். போட்டியாகப் பட்டிமன்றம் நடத்துவதைவிட இதில் புண்ணியம் அதிகம்.

ஆளில்லை என்று எந்தச் சங்கமும் சொல்ல முடியாது. பவாயிலும் ஐரோலியிலும் மென்பொருள் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாத் தமிழ்க் குடியிருப்பிலும் இருக்கிறார்கள். இங்கே சொன்ன தொழில்நுட்ப வேலை முழுவதும் அவர்களுக்கு ஒரு விடுமுறை நாளில் முடிந்துவிடும். இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்று மேடைதோறும் குறைப்பட்டுக்கொள்கிறோம். வந்தவர்களிடமோ நாற்காலி அடுக்கவும் மைக் கட்டவும் மட்டுமே சொல்கிறோம். அவர்களில் ஒருவரைத் தொடர்புச் செயலாளர் என்று பொதுக்குழுவில் தேர்ந்தெடுங்கள். நிர்வாகக் குழுவில் இடமும், டொமைனுக்கும் விளம்பரத்துக்கும் செலவிடச் சிறு தொகையும், முடிவெடுக்கும் உரிமையும் சேர்த்துக் கொடுங்கள். உரிமை இல்லாத பொறுப்பை எந்த இளைஞரும் இரண்டாம் ஆண்டு ஏற்கமாட்டார்.